எதிர்வீட்டு ஐஸ் பெட்டியில் உன் மருந்து

மகனுக்கு,

போன சனிக்கிழமை ஓசூரிலிருந்து பேசும்போது நீ சொன்ன ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். "கல்யாணம் முடியட்டும்மா, அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்" என்றாய். பதிமூன்று வயதிலிருந்து தினம் நான்கு முறை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் நீ உயிரோடு இருக்கிறாய் என்பதை, உனக்கு நிச்சயம் செய்திருக்கும் பொம்மிடிப் பெண்ணிடம் தாலி கட்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது உன் யோசனை. பக்குவம் என்ற சொல்லை நம் வீட்டில் சமையலுக்கு அடுத்தபடியாகப் பொய்க்குத்தான் பயன்படுத்துகிறோம். எனக்கு வாயால் சண்டை போட வராது, உனக்குத் தெரியும். எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும். நீ படித்த பிறகு இதை யாருடைய பெயரும் இல்லாமல் வெளியிடக் கொடுக்கப் போகிறேன். இன்சுலினை ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் வீடு இந்த மாவட்டத்தில் நம்முடையது மட்டும் அல்ல. மற்றவர்களும் கொஞ்சம் வெட்கப்படட்டும்.

எட்டாம் வகுப்பில் நீ குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, இரண்டு மாதத்தில் எலும்பும் தோலுமாக ஆனபோது டாக்டர் தெளிவாகச் சொன்னார். உன் உடம்பு இன்சுலினைச் சுரப்பதை நிறுத்திவிட்டது, வெளியிலிருந்து போட்டால் நீ எல்லாப் பிள்ளைகளையும் போல வாழலாம், போடாவிட்டால் வாழ முடியாது. இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. ஆனால் மருத்துவமனை வாசல்படி இறங்குவதற்குள் உன் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஊசின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்பது. உனக்கு அப்போது மீசை முளைத்திருக்கவில்லை. உன் அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, மறு வாரமே காரிமங்கலம் சந்தையில் ஒருவன் விற்ற பச்சைப் பொடியை வாங்கி வந்தார். ஊசியை ஒரு மண்டலம் நிறுத்திவிட்டு இதைக் கொடுத்தால் நோய் வேரோடு போய்விடும் என்று அந்த ஆள் சொன்னானாம். அவன் விரித்திருந்த அதே துணியில் எலி மருந்தும் விற்றுக்கொண்டிருந்தான். அந்தப் பொடியைக் குப்பையில் கொட்டும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இருந்தது. அதை நினைத்து வெகுநாள் பெருமையாகவும் இருந்தேன். நோயை ஒளிப்பது என்ற இன்னொரு பொடியை அவர்கள் நீட்டியபோது, எம்.எஸ்.சி. படித்த நான் வாயைத் திறந்து விழுங்கிக்கொண்டேன்.

எப்படியெல்லாம் ஒளித்தோம் என்று இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. நம் ஊர் மருந்துக்கடைக்காரர் உன் அப்பாவுக்குப் பங்காளி என்பதால் கிருஷ்ணகிரி வரை போய் மருந்து வாங்கினோம். சித்திரை வெயிலில், நின்று நின்று வரும் பேருந்தில், சாப்பாட்டுப் பையில் ஈரத் துணி சுற்றி எடுத்து வருவேன். அடிக்கடி போக முடியாது என்பதால் ஒரே ஊசி முனையை வாரம் முழுக்கப் போட்டோம். அது மழுங்கி, நீ பல்லைக் கடித்துக்கொள்வாய். நான் பாடம் எடுத்த, நீயும் படித்த பள்ளியில் மதியம் உன்னை வேதியியல் ஆய்வகத்தின் சாமான் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைத் தாழ் போடுவேன். அமில பாட்டில்களுக்கு நடுவில் நின்று, மணி அடிப்பதற்குள் போட வேண்டும் என்ற அவசரத்தில், தினமும் தொப்புளுக்கு வலது பக்கம் ஒரே இடத்தில் குத்திக்கொள்வாய். இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். சட்டையைத் தூக்கினோமா, குத்தினோமா, போனோமா என்று இருந்தால் போதும் என்று நினைத்தேன். அந்த இடம் கட்டி தட்டிப்போய், போடும் மருந்து சரியாக உடம்பில் சேராமல், சர்க்கரை ஒரு நாள் ஏறியும் ஒரு நாள் இறங்கியும் உன்னை ஆட்டி வைத்தது. தப்பு நோயுடையது அல்ல, தாழ்ப்பாளுடையது. உனக்கு நான் கற்றுக்கொடுத்த வேதியியல் எல்லாம் மறந்திருக்கும். அந்த அறையில் கற்றுக்கொடுத்த வெட்கம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, சனிக்கிழமை கேட்டேன்.

தர்மபுரியில் உன் பெரியப்பா மகள் கல்யாணம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த பந்தி நமக்குத்தான் என்று சொன்னதை நம்பி, மண்டபத்துக் குளியலறையில் போய் நீ ஊசி போட்டுக்கொண்டு வந்தாய். அதற்குள் ஒரு கட்சிப் பிரமுகரும் அவருடைய ஆட்களும் வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் கதவைச் சாத்தி அவர்களுக்கு மட்டும் பரிமாறினார்கள். போட்ட இன்சுலினுக்குப் பிரமுகர் யார் என்று தெரியாது, அது தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் உன் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது, நாக்கு குழறியது, நடக்கத் தெரியாமல் கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "என்ன மாப்ள, காலைலயே ஆரம்பிச்சாச்சா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் மோர் கொடுத்தால் தெளிந்துவிடும் என்றார். நான் காபி போடும் இடத்துக்கு ஓடிச் சர்க்கரையைக் கை நிறைய அள்ளி வந்து உன் வாயில் திணித்தேன். அதற்குள் உன் அப்பா சிரித்துக்கொண்டே அவர்களிடம், "வயசுப் பசங்க, கூட்டாளிங்களோட சேந்தா அப்படி இப்படித்தான்" என்று சொல்லி முடித்திருந்தார். சர்க்கரை நோயாளி என்று தெரிவதைவிட, முகூர்த்த நேரத்தில் குடித்துவிட்டு வந்தவன் என்று தெரிவது அவருக்கு மரியாதையாக இருந்தது. அவர் கணக்கு தப்பவும் இல்லை. அதன் பிறகு உனக்கு வந்த ஆறு ஜாதகங்களில் ஒன்றுகூட நீ குடிப்பதாகக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போகவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பொம்மிடிக்காரர்கள் வீடு பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே உன் அத்தை வந்து இறங்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வரும் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் அல்ல. அடுப்படி வரை வருவார்கள், அண்டாவைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து மூடுவார்கள். மருத்துவமனை பெயர் போட்ட காலண்டரை உன் அத்தை சுவரிலிருந்து கழற்றினார். உன் ரத்தம் சோதிக்கும் கருவியை அரிசி டிரம்முக்குள் புதைத்தார். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் இடத்தில் இருந்த இன்சுலின் பெட்டியைப் பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. ஃப்ரிட்ஜை யார் திறக்கப் போகிறார்கள் என்றேன். "பூவ உள்ள வெக்கறன்னு சொல்லிக்கிட்டு வந்து தொறப்பாளுங்க. நானே நாலு வூட்டுல தொறந்திருக்கறன்" என்றார். அனுபவசாலி. ஞாயிறு காலை, பெட்டியை நான்தான் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன், உன் அப்பா கேட்டை மட்டும் திறந்துவிட்டார். எதிர்வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் பெண்ணிடம், இது பள்ளிக்கூட லேப் சாமான், ஜில்லென்று இருக்க வேண்டும், எங்கள் ஃப்ரிட்ஜில் இன்று இடம் இல்லை, சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். பெட்டியை ஒரு காகிதப் பையில் போட்டு ஒட்டியும் கொடுத்தேன். பொய்யை இவ்வளவு சுத்தமாகச் செய்ய எங்கே கற்றேன் என்று தெரியவில்லை.

வந்தவர்கள் பதினோரு பேர். உன் அத்தை சொன்னபடியே ஓர் அம்மாள் மல்லிகைப் பூப் பொட்டலத்தோடு எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே பாலும் தயிரும் வெண்டைக்காயும் பார்த்துத் திருப்தியாக மூடினார். கூட வந்திருந்த பொம்மிடிப் பெண் மட்டும் எதையும் திறக்கவில்லை. நம் வீட்டுப் புத்தக அலமாரியை நின்று பார்த்துவிட்டு, எல்லாம் நான் படிப்பதா என்று கேட்டாள். எல்லாரும் போன பிறகு எதிர்வீட்டில் பையை வாங்கி வந்தேன். உள்ளே அட்டைப் பெட்டி நனைந்து ஊறியிருந்தது. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பெட்டி இப்படி நனையாது. அட்டை ஊறும் அளவுக்கு நனைந்திருந்தால் அதன் மேல் பனி படிந்து உருகியிருக்கிறது, அதாவது அது ஃப்ரிட்ஜுக்கு மேல்தட்டில் இருக்கும் ஐஸ் பெட்டியில் இருந்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். உறைந்துபோன இன்சுலின் திரும்ப உருகினாலும் அதற்கு வீரியம் இருக்காது என்பது எனக்குப் பத்து வருஷத்துக்கு மேலாகத் தெரியும். நான் அந்த அட்டையை முந்தானையால் துடைத்து, பழைய இடத்தில் வைத்தேன். காரியம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் இருந்தேன். மறுநாள் காலை நீ அதை எடுத்துக்கொண்டு ஓசூர் பேருந்து ஏறினாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். திங்கள் இரவோடு பழைய மருந்து தீர்ந்து, அந்தப் பெட்டியிலிருந்து புதியது போட்டாய். செவ்வாய் சர்க்கரை ஏறியது. பொண்ணு வூட்டுக்காரங்க குடுத்த இனிப்பைத் தின்றிருப்பாய் என்று உன் அப்பா போனில் கண்டுபிடித்தார். நீ இன்னும் நான்கு யூனிட், இன்னும் ஆறு யூனிட் என்று வெறும் தண்ணீரைப் போலக் குத்திக்கொண்டே இருந்தாய். கருவி எண் காட்டாமல் மிக அதிகம் என்று மட்டும் காட்டியபோது, கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தாய். வியாழக்கிழமை உன் அறைத் தோழன் உன்னை மருந்துப் பெட்டியோடு ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். நான் வந்து பார்த்தபோது நீ மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாய். உன் வாயில் அழுகிய பழ வாடை வந்தது. டாக்டர் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, இது ஐஸில் இருந்ததா என்று என்னைக் கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, வெளியே வந்து எதிர்வீட்டுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். "லேப் சாமான்னுதான் சொன்னீங்க டீச்சர், நல்லா ஜில்லுனு இருக்கட்டும்னு மேல ஐஸ்ல வெச்சன். இன்சுலின்னு சொல்லியிருந்தா வெச்சிருக்கவே மாட்டன். எங்க மாமியாருக்கு தெனம் நாந்தான போடறன்" என்றாள். அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், வைக்க வேண்டிய இடத்தில், அவள் மாமியாரின் மருந்து ஒழுங்காக இருந்திருக்கிறது. அதற்கு ஓர் அடி மேலே உன் மருந்தை உறைய வைத்தது என் பொய். எட்டாவது படித்தவள் அவள். நான் என்ன படித்தவள் என்பதைத் திரும்பவும் சொல்லி என்னை அவமானப்படுத்திக்கொள்ள விரும்பவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு நாம் திருந்தினோமா? உன் அப்பா பொம்மிடிக்குப் போன் செய்து, ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார். மறுநாள் அந்தப் பெண் தன் அண்ணனோடு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தாள். அவள் உட்கார்ந்திருக்கும்போது நர்ஸ் உன் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வந்தார். உன் அத்தை குறுக்கே போய், "இங்க இல்லமா, பக்கத்து பெட்டா இருக்கும்" என்றார். "பேரு பாத்துதாங்க வர்றன்" என்றார் நர்ஸ். நீ என்ன செய்தாய்? கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தாய். இருபத்தாறு வயது. அந்தப் பெண் என்னோடு வராந்தாவுக்கு வந்து, "அத்த, இவருக்கு என்னங்க?" என்று கேட்டாள். வெளிப்படையாக, நேராக, ஒருமுறை கேட்டாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் சொல்லும் காரணங்களை நான் எந்த முகத்தோடு கேட்டுக்கொள்வேனோ, அந்த முகம்.

சனிக்கிழமை நீ சொன்ன வாக்கியத்தை மூன்று நாள் வைத்திருந்து பார்த்தேன். நேற்று செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நல்லம்பள்ளிக்குப் போனேன். அவள் வேலை பார்க்கும் வேளாண் அலுவலகத்தில் நிலக்கடலை விதைக்கு நின்றிருந்தவர்களை அனுப்பிவிட்டு வந்து எனக்கு நாற்காலி போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவமனையில் நான் சொன்னது பொய் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவள் அழவில்லை, கோபப்படவில்லை. சர்க்கரை இறங்கினால் எப்படித் தெரியும், தூக்கத்தில் இறங்கினால் எப்படித் தெரியும், அப்போது என்ன கொடுக்க வேண்டும், நினைவு இல்லாதவர் வாயில் எதையாவது ஊற்றலாமா என்று வரிசையாகக் கேட்டாள். ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும் என்றேன். அதன் பிறகுதான் அவள் அதைச் சொன்னாள்:

"இது எதுவும் சொல்லாமதாங்க என்ன அவரு பக்கத்துல படுக்க வெக்கறதா இருந்தீங்க. தூக்கத்துல வேர்த்துக் கெடந்தா புழுக்கம்னு நெனச்சி ஃபேன ஜாஸ்தி பண்ணிட்டுத் திரும்பிப் படுத்திருப்பன். விடிஞ்சா அவரு இருக்க மாட்டாரு. அப்போ ஊரு என்ன சொல்லும்? இவ ராசி அப்படின்னு சொல்லும். நீங்களும் அங்கதான இருந்திருப்பீங்க அத்த?"

ஆமாம், நான் அங்கேதான் இருந்திருப்பேன். உன் அத்தை அவள் ராசியைப் பற்றிப் பேசியிருப்பார், உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்திருப்பார், நான் பேசாமல் இருந்திருப்பேன். இத்தனை வருஷமாக இந்த நோயை உன் கல்யாணத்துக்கு வந்த கேடாக மட்டும்தான் பார்த்தோம். நம் வீட்டுக்குள் வரப்போகும் ஒருத்தியின் கையில் உன் உயிர் இருக்கும் என்பதும், அந்தக் கையைக் கட்டிப்போட்டுத்தான் அவளைக் கூட்டி வரப்போகிறோம் என்பதும் என் படிப்புக்கு எட்டவில்லை. நீ கேட்கிற பக்குவம் என்பது இதுதான். நீ அவளை ஏமாற்றுகிறாய் என்பது ஒரு பக்கம். உன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளையும் குருடாக்கி வைக்கிறாய், பிறகு செத்துப்போய்ப் பழியையும் அவள் தலையில் வைத்துவிட்டுப் போவாய். இவ்வளவு கேவலமான ஆளாக உன்னை வளர்க்க நினைக்கவில்லை. ஆனால் வளர்த்திருக்கிறேன், அதை மறுக்கவில்லை.

நான் சொன்னதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்லி நான் கேட்டதா இருக்க வேணாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவர எங்க வூட்டுக்கு சாப்புட வரச் சொல்லுங்க. எங்கப்பா எதுர்ல, எல போட்டதும், ஊசி போட்டுக்கிட்டு சாப்புடட்டும். அப்புறம் எங்கப்பா என்ன சொல்றாரோ, நான் என்ன சொல்றனோ, அங்கயே சொல்றம்" என்றாள். அதற்கு மேல் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. கட்டிக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. விதைக்கு இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். எழுந்து போய்விட்டாள்.

இன்று காலை உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சாப்பிடாமல் எழுந்துபோனார். அவருக்கு இன்சுலின் தேவையில்லை, எழுந்துபோகலாம். உன் அத்தை போனில் என்னைத் திட்டியதை இங்கே எழுதப்போவதில்லை, அதில் பாதி உண்மை, மீதி பழைய பகை. அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நானே அச்சகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் உன்னோடு வரமாட்டேன். உன் அப்பாவையும் எதிர்பார்க்காதே. ஓசூரிலிருந்து நேராகப் போ. அவள் வீட்டில் யாரிடமும் குளியலறை எங்கே என்று கேட்காதே. கூடத்தில் எல்லாரோடும் உட்கார், இலையில் சோறு விழுந்ததும் சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொள், எதற்கு என்று கேட்டால் உன் வாயால் சொல். அவள் அப்பா கோபப்படுவார். நாம் செய்ததற்கு அவர் கோபப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அப்போதே சொன்னாலும் சொல்லலாம், அவளே சொல்லலாம். எது சொன்னாலும் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள். ஆனால் ரோஷப்பட்டுப் பாதியில் எழுந்து வந்துவிடாதே. இன்சுலின் உள்ளே போய்விட்டது. அவர்கள் என்ன பேசினாலும், இலையில் இருப்பதைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

அம்மா